கதவு திறக்கிற நேரத்துக்கும் காசா?

வீடியோ கேம், சினிமா பற்றி இந்த மாதம் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் ரீமேக் பற்றித்தான். கேட்டவர் பேர் போடாமல் ஏரியாவை மட்டும் போடுவது இந்தப் பகுதியின் வழக்கம். ஒரே ஒரு தடவை பேர் போட்டோம். அந்தத் தம்பி ஒரு பெரிய நடிகரின் படத்தைச் 'சுமார்' என்று எழுதியிருந்தார். மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் நாலு பைக். 'சுமார்' என்றதற்கே இந்தக் கதி.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் விமர்சகன் இல்லை. பெங்களூரு அல்சூரில் ஒரு சந்துக்குள் 1998 முதல் 2009 வரை வீடியோ கேம் கடை வைத்திருந்தவன். மணிக்கு 20 ரூபாய், அரை மணிக்கு 10. சி.டி. வாடகைக்கும் விட்டேன். இப்போது அதே ஷட்டருக்குள் மொபைல் ரிப்பேர். சரி, கேள்விகளுக்குப் போவோம்.

கல்லூரி மாணவி, பானஸ்வாடி: பிணங்கள் துரத்துகிற 'ரெசிடென்ட் ஈவில் 2' விளையாட்டின் ரீமேக்கை இப்போதுதான் விளையாடி முடித்தேன். ரொம்பப் பிடித்தது. என் மாமாவோ, "1998-ல் வந்ததுதான் ஒரிஜினல், 2019-ல் வந்தது வெறும் பளபளப்பு" என்கிறார். பழையதை வீடியோவில் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. யார் சொல்வது சரி அண்ணா?

உங்கள் மாமா என் கடை மாதிரி ஏதோ ஒரு கடையில் வளர்ந்தவராக இருக்க வேண்டும். அவர் சார்பில் அந்தக் கதவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பழைய ஆட்டத்தில் ஒரு அறையை விட்டு இன்னொரு அறைக்குப் போனால் திரை முழுக்கக் கறுத்துவிடும். கறுப்புக்கு நடுவில் ஒரு கதவு மட்டும் தெரியும். கைப்பிடி மெதுவாகத் திரும்பும், கதவு கிறீச்சென்று உள்ளே போகும், அப்புறம்தான் அடுத்த அறை. அந்தச் சில விநாடிகளில் பிளேஸ்டேஷன் அடுத்த அறையை சி.டி.யிலிருந்து இழுத்துக்கொண்டிருக்கும். அந்தப் பெட்டியின் மெயின் மெமரி வெறும் 2 எம்.பி. இன்றைக்கு உங்கள் போனில் எடுக்கிற ஒரு போட்டோவே அதற்குள் அடங்காது. 'லோடிங்' என்று எழுதிக் காட்ட வேண்டிய இடத்தில் ஒரு கதவைக் காட்டிப் பயமுறுத்திவிட்டார்கள்.

என் கடைப் பையன்களுக்கு அது புரியவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஒரு கண், டி.வி.யில் ஒரு கண் வைத்து ஆடுகிறவர்கள் அவர்கள். "அண்ணா, கதவு திறக்கிற நேரத்துக்கும் காசா?" என்று ஒருவன் சண்டைக்கே வந்தான். கேட்டதில் தப்பில்லை. லென்ஸ் தேய்ந்த மெஷினில் அந்தக் கதவு பாதியில் நின்றுவிடும். அப்போது பெட்டியை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து வைப்போம். சி.டி. ஒரு முக்கு முக்கி மறுபடி ஓடும். ஓடுமா ஓடாதா என்று பின்னால் எட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மாமா 'ஒரிஜினல்' என்று சொல்வது அந்த எட்டுப் பேரையும் சேர்த்துத்தான். அது உங்கள் டிஸ்க்கில் வராது.

ஆனால் 'வெறும் பளபளப்பு' என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒயிட்ஃபீல்டில் என் அக்கா பையன் வீட்டில் ஒரு சனிக்கிழமை ராத்திரி முழுக்க புதியதை ஆடினேன். பழையதில் கதவைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் தப்பித்தோம், பிணம் அந்தப் பக்கமே நின்றுவிடும். புதியதில் அது கதவைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வருகிறது. நம்மைத் துரத்துகிற அந்தத் தொப்பிக்கார மிஸ்டர் எக்ஸ் மாடியில் நடக்கிற சத்தம் கீழே கேட்கிறது. கறுப்புத் திரையை எடுத்துவிட்டு, கதவின் மேல் இருந்த பயத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பழசில் எது வேலை செய்தது என்று தெரிந்தவர்கள் செய்த காரியம் அது.

மாமாவுக்கு ஒரு நல்ல பாயிண்டும் எடுத்துக் கொடுக்கிறேன். பழையதில் நாயகன் லியோனை வைத்து ஒரு ஆட்டம், நாயகி கிளேரை வைத்து ஒரு ஆட்டம். முதல் ஆட்டத்தில் லாக்கரில் இருந்த துப்பாக்கியை எடுத்துவிட்டால் இரண்டாவது ஆட்டத்தில் லாக்கர் காலி. அண்ணன் தின்றுவிட்டுப் போன டப்பாவைத் தம்பி திறந்து பார்ப்பது போல இருக்கும். புதியதில் இந்த இழைவு ரொம்பக் குறைவு, ஒரே வேலையை இரண்டு பேரும் தனித்தனியாகச் செய்கிறார்கள். அடுத்த தடவை சண்டையில் மாமா இதைச் சொன்னால் நீங்கள் தோற்றுப் போவீர்கள்.

ஐ.டி. ஊழியர், மாரத்தஹள்ளி: ரீமேக், ரீமாஸ்டர், ரீ-ரிலீஸ். மூன்றுக்கும் வித்தியாசம் என்ன? நம் படங்களை வைத்துச் சொல்லுங்கள்.

1964-ல் வந்த 'கர்ணன்' படச்சுருளைச் சுத்தம் பண்ணி, ஒலியைச் சரி பண்ணி 2012-ல் விட்டார்களே, அது ரீமாஸ்டர். 1980-ல் ரஜினி நடித்த 'பில்லா'வை 2007-ல் அஜித்தை வைத்து முதலிலிருந்து எடுத்தது ரீமேக். 2024-ல் 'கில்லி' திரும்ப வந்தது ரீ-ரிலீஸ். அதிலும் படத்தைத் துடைத்துப் பளிச்சென்று ஆக்கியிருந்தார்கள், ஆகவே கொஞ்சம் ரீமாஸ்டர். அந்தப் படமே 2003-ல் வந்த தெலுங்குப் படத்தின் ரீமேக். தலை சுற்றினால் நான் பொறுப்பில்லை.

விளையாட்டில் ரீமாஸ்டர் என்றால் எல்லோருக்கும் இளக்காரம், சும்மா துடைத்துத் தருவதுதானே என்று. துடைக்கும்போதுதான் பாத்திரம் உடையும். ஜி.டி.ஏ. (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) வரிசையில் வைஸ் சிட்டி உட்பட மூன்று பழைய ஆட்டங்களைச் சேர்த்து 2021 நவம்பரில் விட்டார்கள். வைஸ் சிட்டி வந்த 2002-லிருந்து என் கடையில் அதிகம் கேட்ட பெயர் அது, ஆசையாக வாங்கினேன். மழை பெய்தால் வெள்ளை நூலைத் திரைச்சீலையாகத் தொங்கவிட்டது போல இருந்தது, எதிரே ரோடு தெரியவில்லை. கடைப் பலகைகளில் எழுத்துப் பிழை. அதை வெளியிட்ட ராக்ஸ்டார் கம்பெனி மன்னிப்புக் கேட்டு, கம்ப்யூட்டருக்கான பழைய ஆட்டங்களைத் திரும்ப விற்பனைக்கு வைத்தது. மங்கலாக இருந்தபோது அந்த ஊர் பெரிதாகத் தெரிந்தது. தூரத்துப் பனியைத் துடைத்து எடுத்ததும் முழு ஊரும் ஒரு மேசை மேல் வைத்த பொம்மை மாதிரி ஆகிவிட்டது.

வங்கி ஊழியர், ஃப்ரேசர் டவுன்: விமர்சகர்கள் 90 மார்க் போடுகிற விளையாட்டுக்கு மக்கள் 3 போடுகிறார்கள். படங்களுக்கும் இதே கதைதான். யாரை நம்புவது?

நம்பிக்கைக்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2' என்ற விளையாட்டு 2020 ஜூன் 19 அன்று வந்தது. விமர்சகர்களின் சராசரி 100-க்கு 93. எல்லோருடைய மார்க்கையும் தொகுத்துப் போடுகிற மெட்டாக்ரிட்டிக் தளத்தில் பொதுமக்கள் போட்ட மார்க் முதல் நாளிலேயே 10-க்கு 3, 4 என்று விழுந்தது. அந்த ஆட்டத்தை முடிக்க 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் சில மணி நேரத்திலேயே ஆயிரக்கணக்கில் மார்க் வந்து குவிந்தால் என்ன அர்த்தம்? அடுத்த மாதமே அந்தத் தளம், ஒரு விளையாட்டு வந்து 36 மணி நேரம் கழித்துத்தான் பொதுமக்கள் மார்க் போடலாம் என்று மாற்றிவிட்டது.

இதை நான் அதற்கு இருபது வருஷம் முன்னாலேயே செய்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். வாடகை சி.டி. திருப்பித் தருகிறவர்கள் கருத்து எழுத கடையில் ஒரு நோட்டு இருந்தது. 200 பக்க நீள நோட்டு, நூல் கட்டித் தொங்கும் பேனா. நம்ம ஏரியாப் பையன்கள் ஸ்கூலில் கன்னடம் படித்தவர்கள், தமிழ் பேசுவார்கள், எழுத வராது. தமிழ் வாக்கியத்தைக் கன்னட எழுத்தில் எழுதி, நடுவில் 'சக்கத்' (சூப்பர்) என்று ஒரு கன்னடச் சொல்லைப் போட்டு முடிப்பார்கள். எனக்குப் படிக்க வரும்.

ஒருவன் ஒரு சண்டை விளையாட்டைப் பற்றி 'படு மொக்கை, யாரும் எடுக்காதீங்க' என்று எழுதினான். அடுத்த வாரம் அந்த சி.டி.யை யாரும் தொடவில்லை. எனக்கு நஷ்டம். ஆட்டத்தில் எதுவரை போனோம் என்பதைச் சேமித்து வைக்கிற அவன் மெமரி கார்டை வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அதில் சேமிக்க மொத்தம் 15 கட்டம். அந்த விளையாட்டுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. முதல் எதிரியையே தாண்டவில்லை பயல். அன்றிலிருந்து சட்டம் போட்டேன்: நோட்டில் எழுத வேண்டுமென்றால் மெமரி கார்டைக் காட்டு. 'இத்தனை மணி ஆடினேன்' என்று முதல் வரி, கருத்து அதற்கப்புறம்.

விமர்சகர்களைச் சும்மா விட்டுவிடுகிறேன் என்று நினைக்காதீர்கள். எல்லா சி.டி.க்கும் 'சூப்பர்' எழுதுகிற ஒரு பையனும் இருந்தான். கடையைப் பெருக்கித் தருவான், பதிலுக்கு நான் தினம் ஒரு மணி நேரம் இலவசமாக ஆட விடுவேன். அவன் பொய் சொன்னான் என்று சொல்ல மாட்டேன். ஓசியில் ஆடுகிறவனுக்குக் கதவு திறக்கிற நேரம் வலிக்காது, அவ்வளவுதான். வெளியாவதற்கு முன்னமே இலவசமாக வாங்கி ஆடுகிற விமர்சகரைப் படிக்கும்போது எனக்கு அவன் ஞாபகம்தான் வரும். 6,000 ரூபாய் ரீமேக்கைப் பற்றி அவர் எழுதும்போது விலை என்ற சொல்லே பல நேரம் வருவதில்லை.

மார்க் போடுவதில் நம்மிடம் நல்ல கஞ்சத்தனம் இருந்தது. 1977-ல் '16 வயதினிலே'வுக்கு விகடன் போட்டது 62.5. அந்த அரை மார்க்கை இன்னும் பெரியவர்கள் மறக்கவில்லை. விளையாட்டு உலகத்தில் இன்றைக்கு 75 வாங்கினால் ஃபெயில் மாதிரி பார்க்கிறார்கள்.

குடும்பத் தலைவி, ஜீவன்பீமா நகர்: கன்னட 'ஆப்தமித்ரா'வா, தமிழ் 'சந்திரமுகி'யா? எங்கள் வீட்டில் தினம் சண்டை.

நான் 'ஆப்தமித்ரா' கட்சி. காரணத்தைச் சொல்லிவிட்டால் நீங்களே தள்ளுபடி செய்துகொள்ளலாம். 2004 ஆகஸ்டில் மெஜஸ்டிக்கில் பார்த்தேன். சௌந்தர்யா அந்த ஏப்ரலில்தான் இதே பெங்களூரில் விமான விபத்தில் போனார். அவர் முதல் காட்சியில் சிரித்துக்கொண்டு வந்தபோது விசில் வரவில்லை. பக்கத்து சீட்டு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எட்டு மாதம் கழித்து ரஜினி வந்து எவ்வளவு கலக்கினாலும், ஜோதிகா எவ்வளவு கண்ணை உருட்டினாலும், நான் அந்தத் தியேட்டரை விட்டு வெளியே வரவே இல்லை. என் கடைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த மலையாளிக்கு எங்கள் இரண்டு கட்சியுமே ஜோக். 1993-லேயே அவர் இரண்டுக்கும் மூலமான 'மணிச்சித்திரத்தாழ்' பார்த்துவிட்டார்.

கட்சியை விடுங்கள். இந்தக் கதையில் ஒரு சூட்சுமம் உண்டு. மலையாளப் படத்தில் செத்துப்போன நாட்டியக்காரி நாகவல்லி தஞ்சாவூர்க்காரி, அவள் ஆவி வந்தால் நாயகி தமிழ் பேசுவாள். அதைத் தமிழில் எடுக்கும்போது அப்படியே தமிழ் பேச விட்டிருந்தால்? பக்கத்து வீட்டு அக்கா கோபப்படுவது போல இருந்திருக்கும். கன்னடத்திலும் தமிழிலும் எடுத்தவர் ஒரே பி.வாசுதான், இரண்டிலும் அவளைத் தெலுங்கு பேச வைத்தார். இந்தியில் பிரியதர்ஷன் வங்காளம் பேச வைத்தார். வசனம் மாறினாலும் பரவாயில்லை, தெரிந்த பெண் வாயிலிருந்து தெரியாத மொழி வர வேண்டும், முதுகு சிலிர்க்க வேண்டும். முதல் கேள்வியில் கதவைப் பற்றிச் சொன்னேனே, அதே கைவேலை.

ஒரு தாய், ராமமூர்த்தி நகர்: என் மகன் கேம் கம்பெனியில் ஆர்ட்டிஸ்ட். அவன் வேலை செய்த ஒரு ரீமேக்கின் டிரெய்லரைப் பார்த்துவிட்டு மோசமாகத் திட்டுகிறார்கள். ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன சொல்லித் தேற்றுவது?

அம்மா, முதலில் அவர் தனி ஆள் இல்லை என்று சொல்லுங்கள். 2003-ல் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' விளையாட்டின் ரீமேக் வேலை யூபிசாஃப்ட் கம்பெனியின் புனே, மும்பை ஸ்டுடியோக்களிடம் இருந்தது. 2020 செப்டம்பரில் டிரெய்லர் வந்ததும், முகம் பொம்மை மாதிரி இருக்கிறது, பத்து வருஷப் பழசு மாதிரி இருக்கிறது என்று பிய்த்து எடுத்துவிட்டார்கள். அப்புறம் 2022-ல் வேலையையே மான்ட்ரியாலுக்கு மாற்றினார்கள். அந்த வாரம் புனேயில் எத்தனை வீட்டில் சோறு மீந்ததோ.

'முகம் பொம்மை மாதிரி இருக்கிறது' என்று ஒருவர் எழுதினால், அதை உங்கள் மகன் படிக்கத்தான் வேண்டும். அவருக்கே முன்னாடி தெரிந்திருக்கும், டெட்லைன் விட்டிருக்காது. 'இந்தியாவில் செய்தால் இப்படித்தான்' என்று எழுதினால் அது முகத்தைப் பார்த்து எழுதியது இல்லை, அதற்காக ஒரு வேளைச் சோற்றைக்கூட விட வேண்டாம். 1997-ல் இந்த ஊரில் துருவா என்ற கம்பெனி ஆரம்பித்ததிலிருந்து, உலகம் மெச்சுகிற ஆட்டங்களின் காரையும் மரத்தையும் கட்டிடத்தையும் இங்கே உட்கார்ந்து வரைந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 2019-ல் அதை வாங்கியது அதே ராக்ஸ்டார்தான். ஆட்டம் நன்றாக இருந்தால் யார் வரைந்தது என்று எவனும் தேடிப் பார்ப்பதில்லை.

போனை வாங்கி வைத்துவிட்டு ரசம் சாதமும் அப்பளமும் போடுங்கள். என்னிடம் ரிப்பேருக்கு வருகிறவர்களில் கோபத்தில் போனைத் தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர் உண்டு, டிஸ்ப்ளே மாற்ற செலவு அதிகம்.

ரசிகர், ஓசூர்: தமிழ்நாட்டில் காலை 9 மணிக்கு முன்னால் காட்சி கிடையாது என்பதால் விடியற்காலை ஷோவுக்கு பெங்களூர் வருகிறோம். 1,200 ரூபாய் டிக்கெட். இடைவேளையிலேயே நண்பன் 'டிசாஸ்டர்' என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட்டான். அடிக்கலாமா?

வேண்டாம், திரும்ப ஒரே பைக்கில்தானே போக வேண்டும்.

அவன் நிலைமையையும் பாருங்கள். ராத்திரி மூன்று மணிக்குக் கிளம்பி, அத்திப்பள்ளி தாண்டி, குளிரில் 40 கிலோமீட்டர் வந்து, 1,200 ரூபாய் கொடுத்தவனுக்கு இரண்டே வழிதான். படம் எப்படி இருந்தாலும் 'சூப்பர்' என்று கத்தி, கொடுத்த காசைக் காப்பாற்றிக்கொள்வது ஒன்று. போன காசுக்குப் பழி வாங்குவது இன்னொன்று. உங்கள் கூட்டத்தில் முதல் வகைதான் ஜாஸ்தி என்று நினைக்கிறேன்.

2024 நவம்பரில் தயாரிப்பாளர்கள் சங்கம் ஒன்று, முதல் நாள் யூடியூப் மைக்கைத் தியேட்டருக்குள் விடாதீர்கள் என்று தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொண்டது. எனக்கு அதில் சம்மதம் இல்லை. படம் ஓடினால் அதே மைக்கில் வந்த பாராட்டைத்தான் போஸ்டரில் போடுகிறார்கள். மைக் நிற்கட்டும். வெளியே வருகிறவரிடம் "எந்த வரிசையில் உட்கார்ந்தீங்க, எத்தனை தடவை எழுந்து போனீங்க" என்று முதலில் கேட்கட்டும். பாதிப் பேர் அந்தக் கேள்விக்கே நழுவிவிடுவார்கள்.

மாணவர், காக்ஸ் டவுன்: 'ஃபைனல் ஃபேண்டஸி 7' விளையாட்டு ஒரே கதை. ரீமேக்கில் 2020-ல் ஒரு பாகம், 2024-ல் ஒரு பாகம், மூன்றாவதுக்குக் காத்திருக்க வேண்டும். இது கொள்ளை இல்லையா?

1997-லும் அது மூன்று சி.டி. தம்பி. என்னிடம் இரண்டாவதை எடுத்துப் போன வாடகைக்காரர் வீடு மாறிவிட்டார். ஒன்றையும் மூன்றையும் வைத்துக்கொண்டு ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தேன். காத்திருப்பது எங்களுக்குப் பழக்கம். மூன்று தடவை முழு விலை கேட்பதைப் பற்றிக் கோபப்படுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

ஆட்டோ ஓட்டுநர், மர்பி டவுன்: 'முஸ்தபா' ஆட்டம் ரீமேக் ஆகுமா?

இதைக் கேட்காத மாதம் இல்லை. புதுசாகப் படிக்கிறவர்களுக்கு: 1993-ல் கேப்காம் கம்பெனி விட்ட 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்ற ஆட்டத்தைத்தான் நாம் எல்லோரும் முஸ்தபா என்கிறோம், மஞ்சள் தொப்பி போட்டவன் பெயரை வைத்து. அசல் பெயரே ஒரு அமெரிக்கக் காமிக்ஸிலிருந்து வந்தது, அதை நம் ஊரில் யாரும் சட்டை பண்ணவில்லை.

ரீமேக் வந்தால் முதல் ஆளாக வாங்குவேன், முதல் ஆளாகத் திட்டவும் செய்வேன், எத்தனை மணி ஆடினேன் என்று சொல்லிவிட்டு. அதில் ஒன்று மட்டும் வேண்டும். தரையில் கிடக்கிற சாப்பாட்டை எடுக்க ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிய வேண்டும், ஒருத்தனுக்குத்தான் கிடைக்க வேண்டும். என் சிநேகிதன் ஒருவன் 1996-ல் ஒரு கோழியை எடுத்துத் தின்றுவிட்டு, என்னை டைனோசாரிடம் விட்டுவிட்டுப் போனான். இப்போது அவன் டாஸ்கர் டவுனில் மட்டன் கடை வைத்திருக்கிறான். இன்னும் எடை குறைத்துத்தான் போடுகிறான்.